கூடவே நகரும் திண்ணை

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், குறிப்பாக வைசியாள் வீதியில், பழைய முறையில் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றின் முன்புறம் இன்றும் திண்ணையும், அதன் மேல் தெருவை நோக்கிச் சரிந்து இறங்கும் தாழ்வாரக் கூரையும் இருக்கின்றன. வீடு ஒருவருடையதாக இருந்தாலும், வெயிலில் நடந்து வருகிறவர் யாரும் அனுமதி கேட்காமல் அதில் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்து போகலாம் என்பது அந்தக் காலத்தில் எழுதப்படாத வழக்கமாக இருந்தது. முழங்கால் வலியோடு இருந்த ஒரு பாட்டி கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ தனியாகப் போய்வந்தார் என்றால், அவருடைய கால்களின் வலிமையோடு, வழியில் இருந்த நாலைந்து திண்ணைகளுக்கும் அதில் பங்கு இருந்தது. இன்று பெரும்பாலான தெருக்களில் திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கேட்டும், கார் நிறுத்தும் இடமும், கழிவுநீர்க் கால்வாயின் மேல்மூடியும் வந்துவிட்டன. அரை கிலோமீட்டர் நடக்கிற முதியவருக்கு நடுவில் உட்கார இடமே கிடையாது. இருக்கை பொருத்திய வாக்கர் என்பது, சுருக்கமாகச் சொன்னால், காணாமல் போன அந்தத் திண்ணையைக் கூடவே தள்ளிக்கொண்டு போகும் ஏற்பாடு. அதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவ உபகரணங்கள் விற்கும் சர்ஜிக்கல் கடைகளில் இதைச் 'சீட் வாக்கர்' என்றும் 'சக்கர வாக்கர்' என்றும் கேட்கிறார்கள். இதன் உரிய பெயர் ரோலேட்டர். நான்கு சக்கரங்கள், இரண்டு கைப்பிடிகள், கைப்பிடிகளின் கீழே சைக்கிளில் இருப்பதைப் போன்ற பிரேக், நடுவில் ஓர் இருக்கை, அதன் அடியில் ஒரு கூடை அல்லது பை என்பதே இதன் பொதுவான அமைப்பு. இளவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஐனா விஃபால்க் என்னும் சுவீடன் நாட்டுப் பெண்மணி, தன் சொந்தத் தேவையிலிருந்து யோசித்து 1978-இல் இதை உருவாக்கினார். அவருடைய ஊரில் நடைபாதை சமமாக இருந்தது என்பதையும், சாலையைக் கடக்கும் இடங்களில் அது சரிவாக இறங்கும் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த நாட்டுத் தெருவுக்காகப் பிறந்த பொருள் நம் தெருவுக்கு வரும்போது எழுகிற சிக்கல்களே இங்கே தேர்வைக் கடினமாக்குகின்றன.

முதலில், இது யாருக்குப் பயன்படும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், இதய பலவீனமோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருப்பதால் சிறிது தூரம் நடந்ததும் மூச்சு வாங்குகிறவர்கள் ஆகியோருக்கு இடையிடையே உட்கார வழி இருப்பது பெரிய உதவி. ஆனால் இந்தக் கருவியிலிருந்து மிக வெளிப்படையாகப் பயன்பெறுகிறவர்கள் இன்னொரு வகையினர். வயதாகும்போது இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் சிலருக்குக் குறுகிவிடுகிறது. நிமிர்ந்து நின்றாலோ நடந்தாலோ அந்தக் கால்வாய் மேலும் நெருக்கப்பட்டு, தொடையிலும் கெண்டைக்காலிலும் வலியும் மரத்துப்போதலும் ஏறுகின்றன. குனிந்தாலோ உட்கார்ந்தாலோ கால்வாய் சற்று விரிந்து சில நிமிடங்களில் வலி தணிகிறது. இத்தகையவர்கள் பெரிய கடைகளில் சாமான் வண்டியைப் பிடித்துக்கொண்டு முன்சாய்ந்து நடக்கும்போது வலியில்லாமல் நெடுந்தூரம் நடப்பார்கள். வெறுங்கையோடு வெளியே வந்ததும் நாற்பது அடியில் நின்றுவிடுவார்கள். மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. கால் ரத்தக்குழாய் அடைப்பினால் வரும் நடை வலியோ, உட்காராமல் வெறுமனே நின்றாலே தணிந்துவிடும். ஆகவே, 'நடந்தால் கால் வலிக்கிறது' என்று ஒரு முதியவர் சொன்னால், நின்றால் போதுமா, உட்கார வேண்டியிருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் நான்கு நாள் கவனித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்வது, எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்கும் பாதி விடையாகிவிடும்.

இது யாருக்கு ஆகாது என்பதை விற்பனையாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சக்கரம் உருளும் என்பதால், உடல் எடையைக் கைகளின் மீது முழுதாகச் சுமத்தி நடக்க வேண்டியவர்களுக்கு, அதாவது இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு ஒரு காலை முழுதாக ஊன்றக் கூடாது என்று சொல்லப்பட்டிருப்பவர்களுக்கு, இது பொருந்தாது. அவர்களுக்குத் தூக்கித் தூக்கி வைக்கும் சாதாரண வாக்கரே பாதுகாப்பானது. பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவர் இரண்டு பிரேக்குகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க இயலாது. பார்க்கின்சன் நோயில் காலடிகள் சிறுத்து, வேகம் தானாகக் கூடி, உடல் முன்னோக்கி ஓடத் தொடங்கும் நிலை உண்டு. அப்போது சக்கர வண்டி அவரை இழுத்துக்கொண்டு போய்விடும். நினைவு மங்கத் தொடங்கியவர்களின் சிக்கல் வேறு விதமானது: பிரேக்கைப் பூட்டிய பிறகே உட்கார வேண்டும் என்பதை அவர்கள் ஒருநாள் மறந்தாலும் போதும், வண்டி பின்னால் நழுவி, அவர் தரையில் இருப்பார். இத்தகைய நிலைகளில் எது தகும் என்பதை மறுவாழ்வு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ நேரில் நடக்கவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கான பிரிவுகள் ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இருக்கின்றன.

இனி அளவுக்கு வருவோம். கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தைக்கு எழுபத்தாறு வயது. உயரம் 147 சென்டிமீட்டர். அவருக்காக முதலில் வாங்கிய வண்டியை நான்தான் ஒரு கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இருக்கை மெத்தென்று இருந்தது, முதுகுக்குப் பட்டை இருந்தது, நிறமும் நன்றாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இதுல ஏறி உக்காரணும்னா கீழ ஒரு மணை போடணும் போலிருக்கே" என்றார். உண்மைதான். இருக்கை தரையிலிருந்து 54 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்தால் குதிகால் அந்தரத்தில் தொங்கியது. கைப்பிடியை ஆகக் கீழான துளையில் மாட்டியும் 79 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது 71. எட்டு சென்டிமீட்டர்தானே என்று கடையில் சொன்னார்கள். அந்த எட்டு சென்டிமீட்டரால் நடக்கும்போது அவருடைய தோள்கள் இரண்டும் காதுவரை தூக்கிக்கொண்டு நின்றன. பத்து நிமிடத்தில் கழுத்து வலித்தது. அளக்காமல் போனது என் தவறு. யாருக்கு, என்ன உயரம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் விற்றது கடையின் தவறு.

அளக்கும் முறை எளிது. வழக்கமாக அணியும் செருப்போடு முதியவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைத் தளர்வாகத் தொங்கவிடச் செய்து, வேறொருவர் தரையிலிருந்து மணிக்கட்டின் உள்மடிப்புவரை அளக்க வேண்டும். அதுவே கைப்பிடியின் உயரம். அந்த உயரத்தில் பிடித்தால் முழங்கை 15 முதல் 30 பாகைவரை லேசாக மடங்கியிருக்கும். நம் வீடுகளில் உள்ளே வெறுங்காலோடும் வெளியே செருப்போடும் நடப்பதால் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு வரும். எங்கே அதிகம் நடக்கிறாரோ அந்த நிலையைக் கணக்கில் கொள்வதே சரி. சந்தையில் கிடைக்கும் வண்டிகளில் பல, நம் பாட்டிகளைவிட உயரமானவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புதுச்சேரியில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு: பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அங்கே வாங்கிய வண்டியை மடித்து விமானத்தில் கொண்டுவருகிறார்கள். பொருள் தரமானதாகத்தான் இருக்கும்; ஆனால் அளவைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளாமல் வாங்கியிருந்தால், அது அம்மாவுக்குப் பயன்படாமல் மாடிப்படிக்குக் கீழே சாமான் வைக்கும் வண்டியாகிவிடும். சிறிய உடலமைப்புக்கென்றே தாழ்வான இருக்கையோடு வரும் வகைகள் உள்ளன. அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

இருக்கையின் சுகம் என்றால் பலரும் பஞ்சின் தடிப்பை நினைக்கிறார்கள். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் அதைத்தான். உண்மையில் சுகத்தைத் தீர்மானிப்பது உயரம். தரையிலிருந்து முழங்காலின் பின்புற மடிப்புவரை உள்ள அளவே அதற்கு ஆதாரம். இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் படிய வேண்டும். அதே நேரத்தில், இருக்கை அந்த அளவுக்கு மிகவும் கீழே இருந்தால் தேய்ந்த முழங்காலோடு எழுந்திருப்பது கடினமாகும். ஆகவே, பாதம் தரையில் பதியும் எல்லைக்குள் சற்றே உயரமாக இருப்பது நல்லது. அத்தைக்குப் பிறகு வாங்கியதில் இருக்கை 45 சென்டிமீட்டர். சமதரையில் அவருக்கு அதுவும் ஒரு விரற்கடை உயரம்தான், ஆனால் செருப்போடு உட்கார்ந்து முன்பக்கம் சற்று நகர்ந்தால் பாதம் பதிகிறது, எழுவதும் எளிதாக இருக்கிறது. அகலத்தைப் பொறுத்தவரை, இரு பக்கச் சட்டங்களும் இடுப்பை நெருக்கக் கூடாது. புடவைக் கொசுவத்தோடு உட்காரும்போது இடம் இன்னும் குறையும் என்பதை அட்டையில் அச்சிட்ட அளவு சொல்லாது. மூடிய ரெக்சின் உறை கடலூர் வெயிலில் ஒட்டும், வியர்க்கும். வலை போன்ற துணி இருக்கை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் நாளடைவில் நடுவில் தொய்ந்து பள்ளமாகி, எழுவதைச் சிரமமாக்கும். என்னைக் கேட்டால், மெல்லிய பஞ்சு வைத்த உறுதியான பலகை இருக்கையே மேல். அதன் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளலாம். முதுகுப் பட்டை இருப்பது நல்லதுதான், ஆனால் அது நாற்காலியின் முதுகு போன்றதன்று. முழுதாகச் சாய்ந்தால் வண்டியின் எடை பின்னுக்குப் போகும். ஐந்து, பத்து நிமிட ஓய்வுக்கான இருக்கை இது. இதில் உட்கார்ந்து சாப்பிடுவதும் தொலைக்காட்சி பார்ப்பதும் இதன் வேலையல்ல.

இருக்கையைவிடவும் முக்கியமானது பிரேக். விலைக்கு ஏற்ற வேறுபாடு உண்மையில் தெரிவதும் அங்கேதான். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிடிக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை மேலே இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழே அழுத்தினால் 'டக்' என்ற ஓசையோடு பூட்டிக்கொள்ளும். இரண்டு பிரேக்குகளையும் பூட்டிவிட்டு வண்டியை உடம்பால் நன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்சக்கரம் தரையில் இழுபடலாம், உருளக் கூடாது. இந்தச் சோதனையை வாங்கித் தருகிற மகனோ மருமகளோ செய்தால் பயனில்லை. ஓட்டப்போகிறவரே செய்ய வேண்டும். விரல் மூட்டுகள் வீங்கியவருக்கும், சர்க்கரை நோயால் விரல்களில் உணர்ச்சி குறைந்தவருக்கும் சில வளையங்கள் மிகவும் கடினமாக இருக்கும். சிறிய கைகளுக்கு வளையம் கைப்பிடியிலிருந்து எட்டாத தொலைவிலும் இருக்கும். விரலால் இழுக்க முடியாதவர்களுக்கென, கைப்பிடியை அழுத்தினாலே பின்சக்கரத்தில் பிடிக்கும் வகையும் உண்டு. ஆனால் அது வேலை செய்ய ஓரளவு உடல் எடை வேண்டும், மெலிந்த உடம்புக்காரர் அழுத்தினால் சரியாகப் பிடிக்காது. பிரேக், நிலைத்தன்மை, கைப்பிடி ஆகியவற்றை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று ரோலேட்டர்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ 11199-2 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. கையேட்டில் அந்த எண் இருந்தால், கடைக்காரரின் வாய்மொழி உறுதியைவிட அது கூடுதல் மதிப்புடையது. தாங்கக்கூடிய எடையும் கையேட்டிலோ சட்டத்தில் ஒட்டிய தாளிலோ எழுதப்பட்டிருக்கும். பொதுவாக 100 முதல் 136 கிலோவரை இருக்கும் அந்த எண், பயன்படுத்துகிறவரின் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும்.

உட்காரும் முறையை வீட்டிலேயே பத்து முறையாவது பழக்கிவிட வேண்டும். வண்டியைச் சமதரையில், முடிந்தால் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் பூட்டி, கைப்பிடியை ஒவ்வொன்றாக மாற்றிப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பி, இருக்கையின் விளிம்பு இரண்டு கால்களின் பின்புறத்திலும் படுவதை உணர்ந்த பிறகே உட்கார வேண்டும். அவசரத்தில் பாதி திரும்பிய நிலையில் உட்காருவதால்தான் பல விபத்துகள் நேர்கின்றன. எழுந்ததும் உடனே நடந்துவிடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்த முதல் சில நொடிகளில் தலை கிறுகிறுப்பது சகஜம் என்பதால், பிரேக் பூட்டியபடியே சற்று நின்று, பிறகு விடுவிக்க வேண்டும். நடக்கும்போது உடல் இரண்டு பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்க வேண்டும். வண்டியைக் கைநீட்டித் தூரத்தில் தள்ளிக்கொண்டு பின்னால் குனிந்து நடப்பது, பார்ப்பதற்கு நடைபோலத் தோன்றினாலும் விழுவதற்கான ஆயத்தம். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: பாட்டியை இருக்கையில் உட்காரவைத்துப் பேரன் தள்ளிக்கொண்டு போகும் காட்சியைக் கடற்கரைச் சாலையில் காணலாம். காண அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வண்டி அதற்காகச் செய்யப்பட்டதன்று. கால் வைக்க இடமில்லாததால் பாதம் தரையில் மாட்டும், ஒரு சிறு கல்லில் முன்சக்கரம் முட்டினால் வண்டியோடு கவிழும். தள்ளிக்கொண்டு போகவும் வேண்டும் என்றால், கால்தாங்கியோடு வரும் இருபயன் வகையை வாங்க வேண்டும். அது எடையும் விலையும் கூடியது.

அடுத்தது வீடு. வண்டியின் மொத்த அகலம் பெரும்பாலும் 58 முதல் 68 சென்டிமீட்டருக்குள் இருக்கும். நம் வீடுகளில் குளியலறைக் கதவு இரண்டரை அடி என்று கணக்கில் இருந்தாலும், நிலைச்சட்டமும், முழுதாகத் திறக்காத கதவும் போக, உண்மையில் கிடைக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டருக்குக் கீழேயும் இறங்கிவிடும். எனவே வாங்குவதற்கு முன்பே டேப்பை எடுத்துக்கொண்டு, படுக்கையிலிருந்து கழிப்பறைவரையிலும், கூடத்திலிருந்து வாசல்வரையிலும் உள்ள மிகக் குறுகிய இடங்களை அளந்துவிட வேண்டும். பழைய வீடுகளின் நிலைப்படி இன்னொரு தடை. நாலைந்து அங்குல மரச்சட்டத்தைத் தாண்டிச் சக்கரத்தைத் தூக்கிவைக்க, அந்த ஒரு கணம் முதியவர் பிடிமானம் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கிறது. தச்சரை அழைத்து இருபுறமும் மரச்சரிவு வைப்பது சிலருக்குச் சாத்தியம். இல்லையென்றால் வீட்டுக்குள் சாதாரண வாக்கர், வெளியே சக்கர வாக்கர் என்று இரண்டாக வைத்துக்கொள்வதுதான் வழி. கடலூரில் மழைவெள்ளத்துக்குப் பயந்து வீட்டின் தரைமட்டத்தை உயர்த்திக் கட்டுகிறார்கள். அதனால் வாசலில் மூன்று படியும், அதன் ஓரத்தில் பைக் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகப் பூசிய ஒரு சரிவும் இருக்கும். அந்தச் சரிவு ரோலேட்டருக்கானதன்று. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதே சரிவுப்பாதைக்குப் பரிந்துரைக்கப்படும் கணக்கு. பைக் சரிவில் அது மூன்றடியைத் தாண்டாது. இறங்கும்போது வண்டி முந்திக்கொண்டு ஓடும்.

தெருவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, இந்தக் கருவிக்கு அப்பகுதியிலேயே மிகவும் பொருத்தமான இடம்: மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வாகனங்களுக்கு அனுமதியில்லை, தரை சமமாக இருக்கிறது, காந்தி சிலை அருகிலோ பழைய கலங்கரை விளக்கத்தின் அருகிலோ எந்த இடத்திலும் நிறுத்தி, கடலைப் பார்த்தபடி உட்காரலாம். ஆனால் அங்கே வந்துசேரும் வழிதான் கேள்வி. நடைபாதை ஓர் இடத்தில் முழங்கால் உயரம், அடுத்த இடத்தில் உடைந்த கான்கிரீட் மூடி, அதற்கடுத்து வரிசையாக நிறுத்திய இருசக்கர வாகனங்கள். ஆகவே சாலையின் ஓரத்திலேயே நடக்க வேண்டியிருக்கும். இதற்காகவே சக்கரத்தின் விட்டத்தைப் பார்க்க வேண்டும். 6 அங்குலச் சக்கரம் வீட்டின் டைல்ஸ் தரைக்குப் போதும். வெளியே போகிறவருக்குக் குறைந்தது 8 அங்குலம், மேடுபள்ளம் மிகுந்த தெருவென்றால் 10 அங்குலம் தேவை. சிறிய முன்சக்கரம், சாலையில் பதித்த வடிகால் கம்பியின் இடைவெளியில் இறங்கினால் வண்டி அங்கேயே நின்றுவிடும், ஆனால் பிடித்துவருகிறவரின் உடல் நிற்காது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சின் மணலில் எந்த அளவுச் சக்கரமும் உதவாது. சிமென்ட் தரை முடியும் இடத்தோடு நின்றுகொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கவே கூடாது, பள்ளம் எங்கே என்று தெரியாது.

கோயில் வேறு கதை. பாடலீஸ்வரர் கோயிலுக்கு அத்தை வாரத்துக்கு இருமுறை போகிறார். வாசற்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும் என்பது அவர் பழக்கம். சக்கர வண்டியோடு தாண்டுவது ஆகாத காரியம். செருப்பைக் கழற்றியதும் கைப்பிடி இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்ததுபோல் ஆகிறது. பிராகாரக் கருங்கல் வெயிலில் சுடுகிறது, மழையில் வழுக்குகிறது. அதனால் வண்டியைக் கோபுரத்துக்கு வெளியே தெரிந்த பூக்கடையில் விட்டுவிட்டு, உள்ளே கைத்தடியோடும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டும் போய்வருகிறார். ஒரே கருவி எல்லா இடத்துக்கும் உதவும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்களே பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள்.

புடவை, வேட்டி ஆகியவற்றின் ஓரங்கள் பின்சக்கரத்தில் சிக்குவதைப் பற்றி வெளிநாட்டுக் கையேடுகளில் ஒரு வரியும் இருக்காது. பிரேக் கம்பி சட்டத்துக்கு உள்ளேயே ஓடும் வகை, வெளியே வளைந்து தொங்கும் வகையைவிட இதற்காகவே நல்லது. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டும் பழக்கமும் ஆபத்தானது. எடை ஒரு பக்கம் சாய்ந்து திருப்பத்தில் வண்டி கவிழும். சாமானைக் கூடையில்தான் வைக்க வேண்டும்.

வண்டியின் எடையை முதியவரோடு ஆட்டோவில் ஏறுகிறவரின் நோக்கில் பார்க்க வேண்டும். அலுமினியச் சட்டம் 6 முதல் 8 கிலோ இருக்கும். இரும்பு 10 கிலோவைத் தொடும். இரண்டு பக்கமும் நடுவை நோக்கி மடியும் வகை, மடித்த பிறகும் தானாக நிற்கும். ஆட்டோவில் காலடியில் குறுக்காக வைக்கலாம். முன்பின்னாக மடிவது சற்று மலிவு, ஆனால் அகலம் குறையாது. ஆட்டோக்காரரே மடித்து ஏற்றித் தருவார் என்று நம்பக் கூடாது. மடிக்கும் பிடியை அவர் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சக்கரமில்லாத வாக்கர் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும்போது, இருக்கையும் பிரேக்கும் உள்ளது சுமார் நாலாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம்வரை போகிறது. இறக்குமதி வகைகள் அதற்கும் மேல். வசதி குறைந்தவர்களுக்கு, 60 வயதைக் கடந்தோருக்கான மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற திட்டம் 2017 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கும் ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவற்றை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ நிறுவனம் முகாம்கள் வழியே இலவசமாக வழங்குகிறது. முகாமில் கிடைக்கும் பொருளையும் அங்கேயே உயரம் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துவந்தால் அது பெட்டியிலேயே இருந்துவிடும்.

கடைகளில் இன்னொன்றையும் காட்டுவார்கள்: விரித்தால் மூன்று கால் முக்காலியாகும் கைத்தடி. எடை ஒரு கிலோ அளவில்தான் இருக்கும், பேருந்தில் கொண்டுபோகலாம், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நிற்க முடியாதவர்களுக்கு மிகவும் உதவும். ஆனால் அதை இருக்கையாக விரித்த கணத்திலிருந்து அது கைத்தடி அல்ல. உட்காரும்போதும் எழும்போதும் பிடித்துக்கொள்ள உறுதியான எதுவும் இருக்காது. சமநிலை நன்றாக இருந்து, வெகுநேரம் நிற்க மட்டுமே முடியாதவர்களுக்கு அது போதும். தடுமாறுகிறவர்களுக்கு அதைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது.

எல்லாப் பொருத்தமும் பார்த்து வாங்கினாலும் முதியவர் அதைத் தொட மறுப்பது உண்டு. 'வாக்கர் பிடிச்சா ஊரே வந்து விசாரிக்கும்' என்று அத்தை மூன்று வாரம் அதைப் பின்கட்டிலேயே நிறுத்திவைத்திருந்தார். அவர் மனம் மாறியதற்கு எங்களுடைய அறிவுரை காரணமல்ல. மாவு அரைக்கக் கொடுக்க வேண்டிய ஒரு நாளில், தூக்கிப் போக ஆளில்லாமல், அரிசித் தூக்கைக் கூடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். வண்டி, நோயாளியின் கருவியாக இல்லாமல் சாமான் வண்டியாக அவருக்கு அறிமுகமானது. வழியில் உட்கார்ந்தாரா என்று கேட்டேன், ஒருமுறைகூட உட்காரவில்லையாம். வேண்டுமென்றால் உட்காரலாம் என்பது தெரிந்திருந்ததால், நடுவழியில் என்ன ஆகுமோ என்ற பயம் இல்லாமல் நடந்திருக்கிறார். இருக்கையின் வேலையில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடற்கரை ஊர்களில் இந்த வண்டிக்கு எதிரி உப்புக்காற்று. அலுமினியச் சட்டம் தாங்கிக்கொள்ளும். திருகுகள், மடிக்கும் கீல், பிரேக் கம்பி ஆகியவை இரும்பு என்பதால் ஒரே மழைக்காலத்தில் துருவேறத் தொடங்கும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, கீல்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். சக்கரத்திலும் பிரேக் கட்டையிலும் எண்ணெய் படக் கூடாது. மாதம் ஒருமுறை பிரேக்கைப் பூட்டித் தள்ளிப் பார்க்கும் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். கம்பி தளர்ந்திருந்தால், வளையத்தின் அருகிலோ சக்கரத்தின் அருகிலோ உள்ள சிறு திருகு நட்டைச் சுற்றி இறுக்கலாம். இதற்காக வாங்கிய கடைக்குப் போக வேண்டியதில்லை, தெருமுனைச் சைக்கிள் கடையில் செய்துவிடுவார்கள். அத்தையின் வண்டியில் இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு இடது பக்கக் கம்பி அறுந்தது. விற்ற கடையில் உதிரிப்பாகம் வர மாதம் ஆகும் என்றார்கள். சைக்கிள் கடைக்காரர் ஒரு புதிய பிரேக் கம்பியை மாட்டி, நீட்டிக்கொண்டிருந்த முனையை வெட்டி, புடவையில் மாட்டாமல் இருக்க அதன் நுனியில் ஒரு சிறு உலோகக் குப்பியைச் செருகி நசுக்கிவிட்டு, "பாட்டிய ஒருவாட்டி புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அத்தை பிடித்துப் பார்த்தார். வலது பக்கம் சற்றுக் கடினமாக இருக்கிறது, அதையும் இதுபோல இளக்கித் தரச் சொன்னார்.